பாடபேதங்களும் உயிரினங்களின் வழிமரபும்

திருமறையின் பழங்கையெழுத்துப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பயின்றோர்க்கு ஓர் அடிப்படை விதி நன்கு தெரியும். இரு பிரதிகள் மூலபாடத்தில் ஒத்திருப்பதால் மட்டும் அவை நெருங்கிய உறவுடையன என்று கூறிவிட இயலாது. மூலத்தில் இல்லாத ஒரே மாற்றங்கள் பல இரண்டிலும் காணப்படுமாயின், அவை ஒரே முன்பிரதியிலிருந்து வந்தவை எனக் கொள்ள இடமுண்டு. 1868ஆம் ஆண்டில் டப்ளின் அறிஞர் ஃபெரார் நான்கு கிரேக்கப் பிரதிகளை ஒரே குடும்பத்தினவாக இனங்கண்டார். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் வரலாறு, அக்குடும்பத்துப் பிரதிகளில் யோவான் நற்செய்தியில் அன்றி லூக்கா 21:38க்குப் பின்னர் அமைந்துள்ளது.

உயிரினங்களின் உறவை ஆராய்வோரும் இவ்விதியையே கையாளுகின்றனர். ஆப்பிரிக்க யானையைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

1. எழுத்தும் படியும்

உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் அடெனின், குவானின், சைட்டோசின், தைமின் ஆகிய நான்கு வேதிப்பொருள்களின் நீண்ட வரிசையாகும். இவற்றை நான்கு எழுத்துகள் எனலாம். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இவ்வரிசை படியெடுத்துக் கொடுக்கப்படுகையில் அரிதாக ஓர் எழுத்து மாறிவிடுகிறது; அம்மாற்றம் பின்வரும் படிகளிலும் தொடர்கிறது. ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்து தம்முள் கலவாது வாழுமாயின், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மாற்றங்கள் காலப்போக்கில் சேருகின்றன. இவையே உயிரினங்களின் பாடபேதங்கள். எழுத்து வரிசையைப் படித்தறியும் சிறந்த முறையொன்றைக் கேம்பிரிட்ஜைச் சார்ந்த சாங்கர் 1977இல் வெளியிட்டார்.

2. ஒரு சிற்றினமா, இரண்டா?

ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் வாழும் யானை உருவில் பெரியது. அதன் தந்தங்கள் வளைந்தவை. நடு ஆப்பிரிக்காவின் அடர்ந்த காடுகளில் வாழ்வதோ சிறியது; காதுகள் வட்டமானவை; தந்தங்கள் நேராகக் கீழ்நோக்கியவை. 1900ஆம் ஆண்டிலேயே மட்ஷி என்னும் ஜெர்மானிய விலங்கியலறிஞர் காட்டு யானைக்குத் தனிப்பெயர் இட்டார். எனினும் இருவகையும் ஒரே சிற்றினத்தின் கிளைகளே என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. உருவ வேறுபாடு வாழிடத்தால் விளைந்ததா, வழிமரபால் விளைந்ததா என்று கண்ணால் மட்டும் தீர்மானிக்க இயலவில்லை.

2001இல் ரோக்காவும் அவருடன் பணியாற்றியோரும், 21 கூட்டங்களைச் சார்ந்த 195 யானைகளின் சிறு திசுத் துணுக்குகளைப் பெற்று, நான்கு மரபணுக்களில் 1,732 எழுத்துகளை ஒப்பிட்டனர். இருவகை யானைகளுக்கும் இடையே காணப்பட்ட வேறுபாடு, அதே மரபணுக்களில் ஆப்பிரிக்க யானைக்கும் ஆசிய யானைக்கும் உள்ள வேறுபாட்டில் 58 விழுக்காடாக இருந்தது.

ஆயினும் எந்த எழுத்து பழையது, எது பின்னர் மாறியது என்று அறிய, அக்குடும்பத்திற்குப் புறம்பான ஒரு சாட்சி தேவை. 2010இல் வெளியான ஆய்வொன்றில், அற்றுப்போன மாஸ்டோடான் என்னும் விலங்கின் மரபுப்பொருள் அச்சாட்சியாயிற்று. காட்டு யானையும் புல்வெளி யானையும் பிரிந்த காலம், ஆசிய யானையும் கம்பளி மாமதமும் பிரிந்த காலத்தைப்போன்றே பழமையானது என்று அவ்வாய்வு காட்டிற்று.

3. கலப்புப் பாடங்கள்

ஓர் எழுத்தர் இரு முன்பிரதிகளைக் கலந்து எழுதியிருப்பாராயின் பாடத் திறனாய்வாளர் இடர்ப்படுவர். இங்கும் அவ்விடர் உண்டு. உயிரணுவின் மைட்டோகாண்டிரியாவில் உள்ள மரபுப்பொருள் தாய்வழியாக மட்டுமே வருவது. புல்வெளி யானைகள் பலவற்றில் இப்பகுதி காட்டு யானைக்குரியதாகவும், உட்கருவின் மரபுப்பொருள் புல்வெளி யானைக்குரியதாகவும் இருக்கக் கண்டனர். முற்காலத்தில் காட்டு யானைப் பெண்கள் புல்வெளிக் களிறுகளோடு இணைந்து, அவற்றின் பெண்வழியினர் தலைமுறைதோறும் அக்களிறுகளோடே இணைந்ததால் இவ்வாறாயிற்று என்பர். ஆகவே ஒரு மரபணுவை மட்டும் நம்பி முடிவு கூறுதல் தகாது. பல சாட்சிகள் வேண்டும். 2018இல் முழு மரபுத்தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, இவ்விரு யானைகளும் கடந்த ஐந்து இலட்சம் ஆண்டுகளாக ஏறத்தாழ முற்றிலும் கலவாது வாழ்ந்துள்ளன என்று கண்டது. எல்லைப்புறங்கள் சிலவற்றில் இன்றும் கலப்புண்டு.

4. பெயரால் விளையும் பயன்

இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. ஒன்றாகக் கணக்கிடப்பட்டவரை ஆப்பிரிக்க யானை பொதுவாக எளிதில் பாதிக்கப்படக்கூடியதென்றே வகைப்படுத்தப்பட்டிருந்தது. 2021 மார்ச்சில் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இரண்டையும் முதன்முறையாகத் தனித்தனியே மதிப்பிட்டது. 31 ஆண்டுகளில் காட்டு யானைகள் 86 விழுக்காட்டிற்கும் மேலாகக் குறைந்திருந்தன. அது அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. காட்டு யானை ஏறத்தாழ 23 வயதிற்குப் பின்னரே முதற்கன்றை ஈன்று, ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறையே கருவுயிர்ப்பது. இழந்ததை அது விரைவில் ஈடுசெய்ய இயலாது. பெயர் ஒன்றாயிருந்தவரை அதன் இழப்பு பெருந்தொகையினுள் மறைந்து கிடந்தது.

உயிரினங்கள் பொது முன்னோரிலிருந்து கிளைத்தன என்பது எவ்வாறு தெரியும் என்று சபையின் இளைஞர் நம்மிடம் வினவுகின்றனர். அவ்வினாவிற்கு அஞ்சவோ, அதனைத் தட்டிக்கழிக்கவோ வேண்டுவதில்லை. பிரதிகளின் குடும்பத்தை நிறுவ நாம் வகுப்பறையில் ஏற்றுக்கொள்ளும் அதே தருக்கம் இங்கும் பயன்படுகிறது. அங்கு அதனை நேர்மையான ஆய்வென்று போற்றிவிட்டு, இங்கு ஆராயாமலே தள்ளுதல் முறையாகாது. பிரதிகளின் கிளைவரிசையை அறிதலால் மட்டும் நூலின் பொருள் விளங்கிவிடுவதில்லை. அதுபோலவே உயிர்களின் கிளைவரிசையை அறிதலால் உயிரின் மதிப்பு முழுதும் விளங்கிவிடுவதில்லை. ஆயினும் எவ்வுயிர் எது என்று சரியாக அறியாதார், அது அழிந்துபோவதையும் அறியார்.