40ஆவது நிமிடத்தில் கறுத்துப்போன திரை

அக்கா பையன் திருச்சியில் விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு. பிளெண்டரில் அனிமேஷன் செய்ய கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வேண்டும் என்றான். புதிது வாங்க வசதியில்லை. சென்னையில் படிப்பை முடித்த ஒரு தம்பியிடம் நான்கு வருடம் பழைய கேமிங் லேப்டாப் ஒன்றை 42,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது நாளே போன் வந்தது.

"மாமா, ரெண்டர் போட்டா அரை மணி நேரம் நல்லா ஓடுது. அப்புறம் திரை கறுப்பாயிடுது. கொஞ்ச நேரம் ஆறப் போட்டா திரும்ப ஓடுது."

ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க 12 நாள்தான் இருந்தது. "ஆறப் போட்டா ஓடுது" என்றதுமே, இது சூட்டுப் பிரச்சினை என்று முடிவுகட்டிவிட்டேன். அந்த அவசர முடிவுக்குக் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: சூடு

சூடு உண்மையிலேயே இருந்தது. எச்டபிள்யூ-இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் பிராசஸர் 98 டிகிரி, கிராபிக்ஸ் சிப் 86. பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அடிமூடியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. ஃபேன் காற்றை வெளியே தள்ளும் செப்புத் தகடுகளின் இடுக்கில், கம்பளி மாதிரி ஒரு தூசிப் படலம். வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் அது போகாது. ஃபேனைக் கழற்றித்தான் எடுக்க முடியும். சிப்பின் மேலிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகிவிட்டிருந்தது.

நீங்களும் செய்வதாக இருந்தால் மூன்று விஷயம். முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். காற்று அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதன் பேரிங் கெடலாம். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் இருந்தால் அந்த வரிசையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே மூலையை முழுசாக இறுக்கினால் சிப்பின் மேல் அழுத்தம் சமமாக விழாது.

புதுப் பேஸ்ட் போட்டு மூடினேன். பிராசஸர் 84, கிராபிக்ஸ் 73. நல்ல மாற்றம்தான். பெருமையாக அக்கா பையனிடம் கொடுத்தேன். அன்று இரவே மறுபடி போன். "மாமா, திரும்ப கறுப்பாயிடுச்சு."

இரண்டாவது வேலை: டிரைவர்

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருந்தது. டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்வதை நிறுத்தியது, பிறகு மீண்டது என்று அதற்குப் பொருள். விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் இப்படி ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கிராபிக்ஸ் சிப் வழக்கமாக 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால், அது மாட்டிக்கொண்டதாகக் கருதி டிரைவரை மறுபடி தொடங்கும். சிலமுறை மீளும், சிலமுறை கறுத்த திரையோடு நின்றுவிடும்.

ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 விநாடியை 10 ஆக்கு என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கனமான கணக்கு ஓடுவதால் மட்டும் தாமதம் என்றால் அது உதவும். சிப்பே நின்றுபோனால், எட்டு விநாடி கூடுதலாகக் காத்திருப்போம், அவ்வளவுதான். பழைய டிரைவரை சேஃப் மோடில் அடியோடு நீக்கிப் புதிதாகப் போட்டேன். பலனில்லை.

பிறகு ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். "கிராபிக்ஸ் சிப் தளர்ந்துடுச்சு சார். ரீபால் பண்ணணும். 8,500 ஆகும். கேரண்டி சொல்ல முடியாது" என்றார்கள். சிப்பை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கழற்றி, அடியில் உள்ள ஈயமணிகளை மாற்றி ஒட்டுவதுதான் ரீபால். தவறினால் போர்டே போய்விடும்.

கோபத்தில், விற்ற தம்பிக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். கெட்டுப்போனதைத் தெரிந்தே தலையில் கட்டிவிட்டதாக எழுதினேன். இன்னும் கடுமையாக எழுதிய ஒரு வரியும் உண்டு, அதை இங்கே சொல்ல விரும்பவில்லை. "அப்படி இல்லைண்ணா" என்று மட்டும் பதில் வந்தது.

பதிவேடு சொன்னது

கடையில் கொடுப்பதற்கு முந்தைய இரவு, எச்டபிள்யூ-இன்ஃபோவை விநாடிக்கொரு முறை எல்லா அளவுகளையும் கோப்பில் பதிய வைத்து ரெண்டர் போட்டேன். 41ஆவது நிமிடத்தில் திரை கறுத்தது. கோப்பைத் திறந்து பார்த்தேன்.

வெப்பநிலை 12ஆவது நிமிடத்திலேயே உச்சத்துக்குப் போய், அப்புறம் ஒரே கோடாக நின்றிருந்தது. யோசித்தால் அது அப்படித்தான் இருக்கும். லேப்டாப்பின் ஹீட்சிங்க் சின்னது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூடாகி சமநிலைக்கு வந்துவிடும். சூடுதான் காரணமென்றால் 12ஆவது நிமிடத்தில் வராத கோளாறு 41இல் ஏன் வரவேண்டும்?

எல்லாம் நிலையாக நிற்க, ஒரே ஒரு எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. பேட்டரி. 100இல் தொடங்கி 24 சதவீதம். சார்ஜர் மாட்டியிருந்தபோதே!

லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் 19.5 வோல்ட், 9.23 ஆம்பியர். பெருக்கினால் 180 வாட். சார்ஜரில் 19.5 வோல்ட், 6.15 ஆம்பியர். அதாவது 120 வாட். ஒரே வோல்ட், ஒரே பின், கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் முழு வேலையில் இந்த லேப்டாப் 150 வாட் வரை இழுக்கும். பற்றாத 30 வாட்டை பேட்டரி கொடுத்துக்கொண்டிருந்தது. பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால், 60 வாட்-மணி கொள்ளளவில் இப்போது மிஞ்சியிருப்பது 27தான். தேய்ந்த பேட்டரி பாதிக்குக் கீழே போனதும், பளு ஏறும்போது அதன் வோல்டேஜ் சட்டென்று சரியும். அந்தச் சரிவில் கிராபிக்ஸ் சிப் தடுமாறியிருக்க வேண்டும்.

"ஆறப் போட்டா ஓடுது" என்பதற்கும் இப்போது அர்த்தம் புரிந்தது. ஆறிய அந்த நேரத்தில் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது!

ஊகம் சரியா என்று பார்க்க, பேட்டரி 50 சதவீதத்தில் இருக்கும்போது ரெண்டர் போட்டேன். 14ஆவது நிமிடத்தில் கறுத்தது. அலுவலக நண்பரின் 180 வாட் சார்ஜரைக் கடன் வாங்கி மாட்டினேன். மூன்று மணி நேரம் ஓடியது. பேட்டரி 100ஐ விட்டு இறங்கவில்லை.

தம்பிக்குப் போன் செய்தேன். "அண்ணா, அது என் பழைய லேப்டாப்போட சார்ஜரா இருக்கும்ணா. ரூம் காலி பண்றப்ப மாறிப்போச்சு போல" என்றான். மறுநாளே கூரியரில் சரியான சார்ஜரை அனுப்பினான். காசு வாங்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைண்ணா" என்றான். அவனுக்குப் பரவாயில்லாமல் இருக்கலாம், எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தூசியும் காய்ந்த பேஸ்ட்டும் பொய்யில்லை. அவை தனிக் கோளாறு, இது தனிக் கோளாறு. கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை வைத்து இரண்டையும் விளக்கப் பார்த்ததுதான் என் தவறு.

பழைய கேமிங் லேப்டாப் வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் இரண்டு லேபிளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், சார்ஜரின் ஆம்பியர் குறையக் கூடாது. பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். சார்ஜர் மாட்டியபடி அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்து, வெப்பநிலையோடு பேட்டரி சதவீதத்தையும் கவனியுங்கள். கோளாறு வந்தால், எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறித்துவையுங்கள். எனக்கு 8,500 ரூபாயை மிச்சப்படுத்தியது அந்த ஒரு எண்தான்.

அக்கா பையன் ப்ராஜெக்ட்டை இரண்டு நாள் முன்னதாகவே சமர்ப்பித்துவிட்டான்.