ஆங்கில இலக்கணமும் தமிழ் மாணவனும்

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவிய காலந்தொட்டு, யாழ்ப்பாணத்தார் தலைமுறை தலைமுறையாக ஆங்கில இலக்கணத்தை மனனஞ் செய்து வந்துள்ளனர். எனினும் 'ஹீ கோஸ்' என வேண்டியவிடத்து 'ஹீ கோ' என்றெழுதி வகுப்பிலே நகைப்புக்கு ஆளாகாதவர் எம்முள் எத்துணைப் பேர்? இத்தகைய பிழைகளுட் பல அறியாமையாற் பிறந்தனவல்ல. தாய்மொழியின் இலக்கணம் ஆங்கிலத்தினூடே பேசுவதனாற் பிறந்தன என்பதே எமது துணிபு.

எம்மவரைப் பெரிதும் அலைக்கழிப்பன 'ஏ', 'த' என்னும் இரு சிறு சொற்கள். தமிழில் இவற்றுக்கு நேரான சொல் இல்லையென்று கூறி ஆசிரியர் அமைந்துவிடுவர். சொல் இல்லை, பொருள் உண்டு. 'பசு வாங்கினேன்' என்று ஒருவர் சொன்னால், கேட்போன் அப்பசுவை முன்னறியான். 'பசுவை வாங்கினேன்' என்றாலோ, இருவரும் முன்னரே பேசிக்கொண்ட பசு அது. முன்னையது 'ஏ கௌ'. பின்னையது 'த கௌ'. ஆங்கிலேயர் பெயருக்கு முன்னே சொல்லாக வைப்பதை நாம் பெயருக்குப் பின்னே, இரண்டாம் வேற்றுமையுருபை விரித்தும் தொகுத்தும் உணர்த்துகின்றோம். உயர்திணைப் பெயரிலும் எழுவாயிலும் இவ்வுபாயம் செல்லாது. ஆயினும் முதற்படியாக மாணவனுக்கு இது போதும். மனனஞ் செய்த பத்து விதிகளினும் மேலானது.

இனி, 'ஹீ கோ'. 'போகிறான்' என்னும் முற்றே திணை, பால், எண், இடம் யாவுங் காட்டும். ஆங்கிலமும் முன்னாளில் வினைவிகுதிகள் பல உடையதாயிருந்து, காலப்போக்கில் அவற்றை இழந்தது. பொதுவான வினைகளின் நிகழ்காலத்திற் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஓர் 'எஸ்' எஞ்சிற்று. ஐ, யூ, வீ, தே யாவும் 'கோ' என்பதையே ஏற்க, தனித்து நிற்கும் அவ்வெச்சத்தை மாணவன் மறப்பதில் வியப்பென்ன?

'அவரை நேற்றுக் கண்டிருக்கிறேன்' என்பது தமிழுக்கு இழுக்கன்று. அதனை அவ்வாறே பெயர்த்து 'ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்ரடே' என்றால் ஆங்கிலம் ஏற்காது; இறந்தகாலத்தை நாள் குறித்துச் சொன்னவிடத்து அம்மொழி 'ஹாவ்' துணையை விலக்கும். எவ்வாக்கியத்தின் ஈற்றிலும் பொருந்தும் எமது 'அல்லவா' போலவே 'இஸின்ற் இற்' என்பதை எங்கும் ஒட்டுவதும் இவ்வினத்ததே. முதிர்ந்த பழைய மாணவரும் இதற்கு விலக்கல்லர். இதை எழுதுவோரும் அல்லர்!

நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்ட ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர். இருமொழி இலக்கணமும் ஒரே மேசையிற் சந்தித்தது இம்மண்ணுக்குப் புதிதன்று. பெயரியலில் வேற்றுமை கற்பிக்குந் தமிழாசிரியரும் பக்கத்து வகுப்பின் ஆங்கில ஆசிரியரும் வாரத்தில் ஒரு பாடவேளையேனும் ஒருங்கிருந்து, மாணவர் கொப்பிகளிற் சிவப்பு மையிட்ட இடங்களை ஆராய்வாராயின், எப்பிழை எவ்வுருபிலிருந்து வந்ததென அம்மாணவருக்கே காட்டலாம்.