மாத்திரை சாப்பிடும்போது திட்டு சிவந்தால்

தொழுநோய்க்கு மருந்து உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை இலவசமாகத் தருகிறார்கள். மாதம் ஒரு அட்டை மாத்திரை. நோயின் அளவைப் பார்த்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிடச் சொல்வார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டால் நோய் குணமாகும். இது இப்போது பலருக்கும் தெரியும்.

ஆனால் சிலருக்கு நடுவில் ஒரு சிக்கல் வருகிறது. இரண்டு மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள். திட்டு மங்கிக்கொண்டே வந்திருக்கும். திடீரென்று ஒரு நாள் அந்தத் திட்டு சிவக்கும். தடித்து வீங்கும். தொட்டால் சுடும். முழங்கையில் சுரீர் என்று வலிக்கும். விரல்கள் மரத்துப்போகும்.

“மருந்து ஒத்துக்கொள்ளவில்லை” என்பார் வீட்டில் ஒருவர். “மாத்திரைச் சூடு” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். மாத்திரை அட்டை பரணுக்குப் போய்விடும். சில வாரங்களில் விரல்கள் மடங்கிப்போகும். பிறகு அவற்றை நிமிர்த்த முடியாது. கை வேலை செய்து பிழைப்பவருக்கு அதோடு பிழைப்பும் போய்விடும்.

திட்டு சிவந்தது மாத்திரையின் சூட்டால் அல்ல. கிருமி மறுபடி பெருகிவிட்டது என்பதும் அல்ல. அது உடலே நடத்தும் சண்டை. மருத்துவர்கள் இதை ‘ரியாக்‌ஷன்’ என்கிறார்கள். உடலின் எதிர்விளைவு என்று பொருள். உடல் ஏன் இப்படிச் செய்கிறது?

உடலுக்குள் ஓடும் செய்தி

நம் உடலைக் காப்பவை வெள்ளை அணுக்கள். அவை இரத்தத்தில் இருக்கின்றன. தோலிலும் தசையிலும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. கிருமியைக் கண்டால் சில அணுக்கள் அதை விழுங்கிவிடும். சில அணுக்கள் மற்றவற்றை உதவிக்கு அழைக்கும்.

அணுவுக்கு வாய் கிடையாது. எப்படி அழைக்கும்? ஒரு பொருளைச் சுரந்து வெளியே விடும். அது ஒரு வகைப் புரதம். மிக மிகச் சிறிய அளவே சுரக்கும். அது போய் அடுத்த அணுவைத் தொடும். அதுதான் செய்தி. இந்தச் செய்திப் பொருள்களுக்கு சைட்டோகைன் என்று பெயர்.

செய்தி எல்லா அணுக்களுக்கும் கேட்காது. கேட்க வேண்டிய அணுவின் மேல் ஒரு பூட்டு இருக்கிறது. அதற்கு ஏற்பி என்று பெயர். ஒவ்வொரு சைட்டோகைனும் ஒரு சாவி மாதிரி. தன் பூட்டில் மட்டுமே நுழையும். சாவி நுழைந்ததும் அந்த அணு விழித்துக்கொள்ளும். என்ன வேலை செய்ய வேண்டுமோ அதைத் தொடங்கும்.

இந்தச் செய்திப் பொருள்களில் ஒன்றை 1957-ஆம் ஆண்டில் லண்டனில் கண்டறிந்தார்கள். ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற இரு விஞ்ஞானிகள் அவர்கள். கோழிமுட்டைக் கருவின் சவ்வை எடுத்தார்கள். செயலிழந்த ஃப்ளூ காய்ச்சல் கிருமியை அதனோடு வைத்தார்கள். சவ்விலிருந்து ஏதோ ஒன்று சுரந்தது. அதை எடுத்துப் புதிய சவ்வில் விட்டார்கள். உயிருள்ள கிருமியால் அந்தப் புதிய சவ்வில் சரியாகப் பெருக முடியவில்லை! அந்தப் பொருளுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். பின்னர் அதில் பல வகைகள் இருப்பது தெரிந்தது. ஒரு வகையின் பெயர் இன்டர்ஃபெரான் காமா. தொழுநோயில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

சாவி இருந்தால் மட்டும் போதாது. பூட்டும் சரியாக இருக்க வேண்டும். இது 1996-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. சில குழந்தைகளுக்குக் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த கிருமிகளால் கடும் நோய் வந்தது. மற்றவர்களை ஒன்றும் செய்யாத சாதுவான கிருமிகள் அவை. மருத்துவர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். இன்டர்ஃபெரான் காமாவுக்கான ஏற்பி அந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே பழுதாக இருந்தது. செய்தி வந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. இந்தக் குறை மிக அரிதானது. ஆனால் பெரிய உண்மையை அது காட்டியது. இந்த இனக் கிருமிகளை எதிர்க்க அந்த ஒரு செய்தி மிகவும் தேவை.

ஒரே கிருமி, இரண்டு விதமான நோய்

தொழுநோய்க் கிருமியும் இதே இனம்தான். நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் அதைக் கண்டறிந்தார். அது மிக மெதுவாகப் பெருகும் கிருமி. ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். உள்ளே நுழைந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் திட்டு தெரியும். உடலில் குளிர்ச்சியான இடங்கள் அதற்குப் பிடிக்கும். தோல், மூக்கு, காது மடல், தோலுக்கு அருகில் ஓடும் நரம்பு ஆகியவை அதன் இருப்பிடங்கள்.

பெரும்பாலோரை இந்தக் கிருமி ஒன்றும் செய்வதில்லை. அவர்கள் உடல் அதைத் தானே அழித்துவிடுகிறது. மற்றவர்களில் சிலருக்கு ஓரிரு திட்டோடு நின்றுவிடுகிறது. சிலருக்கோ உடல் முழுவதும் பரவுகிறது. காது மடல் தடிக்கிறது. கிருமி ஒன்றுதானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு?

பாவமும் இல்லை, சாபமும் இல்லை. முதல் வகையினர் உடலில் இன்டர்ஃபெரான் காமா நன்றாகச் சுரக்கிறது. விழுங்கும் அணுக்கள் விழித்துக்கொண்டு கிருமியைக் கொல்கின்றன. இரண்டாம் வகையினர் உடலில் அந்தச் செய்தி போதிய அளவு எழுவதில்லை. விழுங்கிய கிருமியை அணுக்கள் கொல்லாமல் வைத்திருக்கின்றன. அந்த அணுக்களுக்குள்ளேயே கிருமி பெருகுகிறது.

நரம்பு நசுங்குவது எப்படி?

மாத்திரை கிருமியைக் கொன்றுவிடுகிறது. ஆனால் செத்த கிருமியின் துணுக்குகள் உடலில் தங்கிவிடுகின்றன. அவற்றைத் துப்புரவு செய்ய உடலுக்கு நெடுநாள் ஆகும். இந்தத் துணுக்குகளைக் கண்டு வெள்ளை அணுக்கள் சில சமயம் திடீரென்று கிளர்ந்தெழும். இன்டர்ஃபெரான் காமா பெருகும். விழுங்கும் அணுக்கள் பதிலுக்கு டி.என்.எஃப். என்ற இன்னொரு சைட்டோகைனைச் சுரக்கும். அது இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். நீர் கசியும். மேலும் அணுக்கள் வந்து குவியும். அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடும்.

தோலில் இது நடந்தால் பெரிய கேடில்லை. நரம்பில் நடந்தால்தான் ஆபத்து. நரம்பைச் சுற்றி இறுக்கமான உறை இருக்கிறது. மோதிரம் போட்ட விரல் வீங்கினால் என்ன ஆகும்? மோதிரம் விரிந்து கொடுக்காது. விரல்தான் நசுங்கும். நரம்பும் அப்படித்தான் தன் உறைக்குள் நசுங்குகிறது. முழங்கையில் நசுங்கினால் விரல் மடங்கும். முழங்காலுக்குக் கீழே நசுங்கினால் பாதம் தொங்கும். முகத்தில் நசுங்கினால் கண்ணிமை மூடாது.

இன்னொரு வகை எதிர்விளைவும் உண்டு. உடலில் கிருமி மிகுதியாக இருந்தவர்களுக்கு அது வரும். புதிதாகச் சிவந்த கட்டிகள் தோன்றும். தொட்டால் வலிக்கும். காய்ச்சல் அடிக்கும், மூட்டு வலிக்கும். இங்கேயும் டி.என்.எஃப். போன்ற செய்திகள் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகின்றன. அவற்றால் மூளை உடற்சூட்டை உயர்த்துகிறது. அதுதான் காய்ச்சல்.

இந்த இரண்டாம் வகைக்கு ஒரு மருந்து கிடைத்த கதை விந்தையானது. தாலிடோமைட் என்ற தூக்க மாத்திரையை 1950-களின் இறுதியில் ஐரோப்பாவில் விற்றார்கள். கர்ப்பிணிகளும் சாப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்தன. 1961-இல் மருந்தை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். சில ஆண்டுகளில் ஜெருசலேம் நகரில் ஷெஸ்கின் என்ற மருத்துவர், வலியால் தூங்க முடியாத தொழுநோயாளிகளுக்கு அதே மாத்திரையைக் கொடுத்தார். தூக்கம் வந்தது. அதோடு கட்டிகளும் காய்ச்சலும் அடங்கின! காரணம் அப்போது யாருக்கும் புரியவில்லை. டி.என்.எஃப். சுரப்பதை அது குறைக்கிறது என்று 1991-இல்தான் விஞ்ஞானிகள் காட்டினார்கள். சிறப்பு மருத்துவர் கண்காணிப்பில், சிலருக்கு மட்டுமே இதைத் தருவார்கள். கர்ப்பிணிகளுக்கு இது ஒருபோதும் ஆகாது.

என்ன செய்ய வேண்டும்?

வழக்கமாகத் தருவது பிரெட்னிசலோன் மாத்திரை. இது கிருமியைக் கொல்லாது. வெள்ளை அணுக்கள் செய்தி அனுப்புவதைக் குறைக்கும். வீக்கம் வடியும். நரம்பின் மேல் உள்ள அழுத்தம் குறையும். பல வாரங்கள் சாப்பிட வேண்டியிருக்கும். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். வலி போய்விட்டது என்று தானாக நிறுத்தினால் ஆபத்து. கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுவதும் ஆபத்து. இது சர்க்கரையைக் கூட்டும், மறைந்திருக்கும் காசநோயை எழுப்பும். காவலுக்கான செய்தியையும் சேர்த்து அடக்கிவிடுகிறது அல்லவா?

எதிர்விளைவு வந்தாலும் தொழுநோய் மாத்திரையைத் தொடர வேண்டும். சண்டையை அடக்க ஒரு மருந்து. கிருமியைக் கொல்ல ஒரு மருந்து. இரண்டும் தேவை. சிலருக்கு மாத்திரையே உண்மையில் ஒவ்வாமல் போவதும் உண்டு. உடம்பெல்லாம் அரித்துத் தோல் உரியும். அது வேறு. அப்போது மாத்திரையோடு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எது எது என்று பிரித்துச் சொல்ல அவரால்தான் முடியும்.

நரம்பு நசுங்கி 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பலருக்கு உணர்வும் பலமும் திரும்பி வருகின்றன. அதற்குமேல் போனால் திரும்புவது கடினம். நாள் கணக்கில்கூடத் தள்ளிப்போடக் கூடாது. திட்டு சிவந்தாலோ, நரம்பு வலித்தாலோ, விரலில் பலம் குறைந்தாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஊரில் உள்ள ஆஷா பணியாளரிடம் சொன்னாலும் அவர் அழைத்துப் போவார்.

பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கிவிட்டது என்று இந்தியா 2005-இன் இறுதியில் அறிவித்தது. நோய் அடியோடு ஒழிந்துவிட்டது என்று அதற்குப் பொருளல்ல. பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே குறைந்தது, அவ்வளவுதான். 2023-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. உலகக் கணக்கில் அது பாதிக்கும் மேல்.

அவர்களில் பலர் மாத்திரையை முடித்துவிட்டார்கள். ஆனால் செத்த கிருமியின் துணுக்குகள் உடலில் இருக்கும்வரை எதிர்விளைவு வரலாம். சிகிச்சை முடிந்து ஓரிரண்டு ஆண்டுகள் கழித்துக்கூட வரலாம். அதனால்தான் மாத்திரை முடிந்த பிறகும் சிகிச்சை அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறார்கள்.