சித்திரமும் சிற்பமும் நாடகமும்

சித்திரக்காரன் சித்திரம் எழுதட்டும். சிற்பி சிலை செய்யட்டும். நடிகன் மேடையில் ஆடட்டும். ஒருவன் எல்லைக்குள் மற்றொருவன் புகலாகாது என்பது கற்றோர் பலருடைய அபிப்பிராயம். இந்தப் பாகப்பிரிவினை செல்லாது என்பதே நமது கட்சி. அதற்குச் சாட்சியாக வங்காளத்துச் சிற்பி ராம்கிங்கர் பைஜ் அவர்களை முன்னிறுத்துகிறோம்.

1906-ம் வருஷம் பாங்குராவில் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். இளம் பிராயத்திலேயே, களிமண் பதுமை செய்வோரிடம் அத்தொழிலைப் பழகினார். நாடகத் திரைகளில் சித்திரம் எழுதினார். ஒத்துழையாமை இயக்க நாட்களில் தேசத் தலைவர்களின் படங்களை வரைந்தார். மூன்று கலைகளும் அவரிடம் குடிபுகுந்தது கலாசாலையில் அன்று, தெருவிலேயாகும். 'மாடர்ன் ரிவியூ' பத்திரிகாசிரியர் ராமானந்த சட்டர்ஜி அவருடைய திறமையைக் கண்டு, 1925-ல் சாந்திநிகேதனத்துக்கு அழைத்து வந்தார். அங்கே நந்தலால் போஸ் ஆசிரியராக வாய்த்தார்.

சாந்திநிகேதனத்தில் ராம்கிங்கர் நாடகங்களை நடத்தினார்; தாமே நடித்தார்; பாடினார். சுற்றுப்புறத்துச் சந்தால் மக்கள் உழைப்பதையும் நடப்பதையும் ஓயாமல் வரைந்தார். இவற்றின் பலனே 1938-ல் அவர் அமைத்த 'சந்தால் குடும்பம்' என்ற சிலை. பிழைப்புத் தேடி ஊர் பெயரும் குடும்பம் அது. தகப்பன் தோளில் காவடி. அதன் கூடையில் குழந்தை. தாயின் இடுப்பிலே மற்றொரு சிசு. கூடவே நாய். வெண்கலத்துக்குப் பணமில்லாமையால், சிமெண்டும் சரளைக் கல்லும் கலந்து கையால் அப்பி அதை உருவாக்கினார்.

நகரத்துச் சதுக்கங்களில் சக்கரவர்த்திகளும் கவர்னர்களும் சிலையாக நின்ற காலம் அது. அக்காலத்தில் ஒரு கூலிக் குடும்பத்தை ஆள் உயரத்துக்கு மேல் உயர்த்தி நிறுத்தியது சாமானிய காரியமா?

1956-ல் அவர் செய்த 'ஆலையின் அழைப்பு' நமது வாதத்தை மேலும் உறுதிப்படுத்துகிறது. சங்கொலி கேட்டு இரு பெண்கள் ஓடுகிறார்கள். ஈரச் சேலை காற்றில் பறக்கிறது. பின்னால் ஒரு சிறுவன். கோடுகளில் ஓட்டத்தைப் பிடித்துப் பழகிய கையும், மேடையில் ஆடி உடலின் கதியை அறிந்த அநுபவமும் ஒன்றுசேராமல், அசையாத சிமெண்டில் அந்த வேகம் வந்திராது என்பது நமது திடமான கருத்து.

1970-ல் சர்க்கார் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிற்று. 1980-ல் அவர் காலமானார். விருதைவிட அவர் விட்டுச் சென்ற பாடமே பெரிது. நமது பள்ளிக்கூடங்களில் ஓவியத்துக்கு ஒரு மணி, நாடகத்துக்கு வருஷத்தில் ஒரு நாள், களிமண்ணுக்கு இடமேயில்லை என்ற நிலை நீடிக்குமானால், இன்னொரு ராம்கிங்கர் தோன்றுவது எவ்வாறு? கல்வி அதிகாரிகளும் பெற்றோரும் இதை ஆலோசிப்பார்களாக.