உங்களுக்குத் தெரியுமா? உழைப்பும் கூலியும்

★ இலையே சம்பளம்! விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் திருப்பணியின்போது, விபசித்து முனிவர் வேலையாட்களுக்கு வன்னி இலைகளைக் கூலியாகக் கொடுத்தார் என்கிறது தலபுராணம். அவரவர் உழைத்த அளவுக்கு அவை பொற்காசாக மாறுமாம். உழைப்பைத் தவிர வேறெதையும் பார்க்காத கூலிக் கணக்கு! வன்னிதான் இக்கோயிலின் தலமரம்.

★ சூளையில் உடைந்தால் யாருக்கு நஷ்டம்? அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் பல சரக்கு உருவாகிறது. பொம்மைக்கு மண்கூழை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, உட்புறத்தில் மண் தோலாகப் படியும். அதை எடுத்துப் பிசிர் நீக்கி, காயவைத்துச் சுட வேண்டும். எவ்வளவு பதமாக வார்த்தாலும், சூளையின் சூடு ஏறுமாறானால் விரிசல் விட்டுவிடும்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பீங்கான் ஆலைகளில் 19-ஆம் நூற்றாண்டில், சூளையிலிருந்து முழுசாக வந்த உருப்படிக்கு மட்டுமே கூலி. சூளை பார்ப்பவர் வேறொருவர். நஷ்டமோ வனைந்தவர் தலையில். 1836-இல் அங்கே வெடித்த பெரிய வேலைநிறுத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம். தன் கையில் இல்லாத தவறுக்குக் கூலியைப் பிடிப்பது எந்த ஊரிலும் அநியாயம்தான்.

★ 44-க்கு 10: கார் கண்ணாடி மாட்டும் அமெரிக்க நிறுவனமான சேஃப்லைட், 1990-களில் மணிக்கூலியிலிருந்து உருப்படிக் கூலிக்கு மாறியது. ஆளுக்கான வேலை அளவு 44 சதவீதம் உயர்ந்தது; தொழிலாளிக்குக் கூடிய சம்பளம் சுமார் 10 சதவீதம். பொருளாதார அறிஞர் எட்வர்ட் லேசியரின் புகழ்பெற்ற ஆய்வு இது.

★ உருப்படிக் கூலிக்கும் தரைமட்டம் உண்டு: ஒரு தொழிலுக்கு நேரக் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருந்தால், உருப்படிக் கணக்கில் வேலை செய்பவருக்கும் அதற்குக் குறையாமல் தர வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம்.

★ மாதச் சம்பளத்தில் ஒளிந்த பாகுபாடு: 20-ஆம் நூற்றாண்டில் உருப்படிக் கூலி போய் மாதச் சம்பள வேலைகள் பெருகியபோது, அமெரிக்காவில் பெண்களுக்கு எதிரான சம்பளப் பாகுபாடு அதிகரித்தது என்று காட்டியவர் கிளாடியா கோல்டின். 2023-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசு அவருக்கே.

★ 'கம்பெனியில் பணமில்லை' செல்லாது: பெண் ஸ்டெனோகிராபர்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகச் சம்பளம் தந்தது மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனம். ஆட்ரி டிகோஸ்டா வழக்குத் தொடுத்தார். நிதி நிலைமையைக் காரணம் காட்டிச் சம ஊதியத்தை மறுக்க முடியாது என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

★ கல்யாணத்துக்கும் அனுமதி! இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா, சென்னையில் படித்தவர். அந்தப் பணியில் பெண்கள் கல்யாணம் செய்துகொள்ள அரசின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்று விதி இருந்தது. ஆண்களுக்கு அப்படியொரு விதி இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வு வந்தது. இருந்தும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் விடவில்லை, பணி விதிகளில் உள்ள பாகுபாட்டைக் களையச் சொல்லி 1979-இல் அரசுக்கு அறிவுறுத்தினார்.

★ 480 நாள்: 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால், 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தாது. சிறு பட்டறைத் தொழிலாளர்கள் இதனால் வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வழி பிறக்க வேண்டும்.

★ போனஸ் இனாம் அல்ல: 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் விதித்த குறைந்தபட்ச அளவு 8.33 சதவீதம், அதாவது வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நிறுவனத்துக்கு லாபம் இல்லாத ஆண்டிலும், சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாளிக்கு இதைத் தந்தாக வேண்டும். தீபாவளிக்கு முன் கைக்கு வரும் அந்தத் தொகை முதலாளியின் தயவல்ல. உழைத்தவர் தலைநிமிர்ந்து கேட்டு வாங்க வேண்டிய பணம்.