கடலூர் எல்லையில் ஏன் இன்னும் சோதனை?

நாடு விட்டு நாடு போகும்போது இரண்டு சோதனைகள் உண்டு. ஆட்களுக்குக் குடியேற்றத் துறை: பாஸ்போர்ட், விசா பார்த்து முத்திரை குத்தும். சரக்குக்குச் சுங்கத் துறை: பெட்டியைத் திறந்து பார்த்துத் தீர்வை போடும்.

கடலூருக்கு வடக்கேயும் ஒருகாலத்தில் அந்நிய எல்லை இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம். பாகூர், நெட்டப்பாக்கம் பகுதிகள் தென்னாற்காடு மாவட்டத்தின் நடுவே தனித்தனித் துண்டுகளாகக் கிடந்ததால், பக்கத்து ஊருக்குப் போகவே எல்லை தாண்ட வேண்டும். சுங்கக் காவலுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இணைந்தது. அந்நிய எல்லை ஒழிந்தது.

பிறகு ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வது ஏன்?

மதுதான் காரணம். அரசியல் சாசனப்படி மதுவும் அதன் வரியும் மாநிலங்களின் அதிகாரம். 2017 ஜூலை 1-இல் வந்த ஜி.எஸ்.டி. பெரும்பாலான சரக்குகளுக்கு நாடு முழுக்க ஒரே வரிமுறையைத் தந்தது. குடிக்கும் மது அதில் சேரவில்லை. புதுச்சேரியில் விலை குறைவு என்பதால் கடத்தலும் நிற்கவில்லை.

வரி வேறுபடும் வரை சோதனையும் இருக்கும். சிதம்பரத்திலிருந்து புதுச்சேரி போய்வருபவர்கள் பையைக் காட்டி ஒத்துழைப்பதே சரி.