மிக்சியும் கிரைண்டரும்

மிக்சி, கிரைண்டர் ஆகியவை வீட்டுச் சமையலில் பயன்படும் அரைக்கும் மின்கருவிகள் ஆகும். மிக்சி அம்மியின் இடத்தையும், கிரைண்டர் ஆட்டுக்கல்லின் இடத்தையும் பிடித்துள்ளன. 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லாத் திட்டத்தில் இவை இரண்டும் வழங்கப்பட்டன. ஒன்றின் வேலையை மற்றொன்று முழுமையாகச் செய்வதில்லை.

அரைக்கும் முறை

மிக்சியில் எஃகு பிளேடு நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழன்று பொருளை வெட்டுகிறது. சட்னி, மசாலா, உலர்ந்த மிளகு, மல்லி ஆகியவற்றுக்கு இது ஏற்றது. நீண்ட நேரம் ஓடினால் மாவு சூடாகிவிடும்.

கிரைண்டரில் கற்கள் மெதுவாக உருண்டு மாவை நசுக்குகின்றன. மாவு அதிகம் சூடாவதில்லை. காற்று கலப்பதால் உளுந்து பொங்கி வரும், இட்லி மென்மையாகும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்றது. உலர்ந்த பொருள்களையும் மிகக் குறைந்த அளவு மாவையும் இதில் அரைக்க இயலாது.

தேர்வு

வாரந்தோறும் இட்லி மாவு அரைக்கும் குடும்பத்துக்குக் கிரைண்டர் தேவை. ஓரிருவர் வாழும் வீட்டுக்கு மிக்சியே போதுமானது. அதில் உளுந்து அரைக்கும்போது குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இடையிடையே நிறுத்தி அரைத்தால் மாவு சூடாவது குறையும்.